ஜெயராஜ் அண்ணன் கவனமில்லாமல் சாகவில்லை

அன்று காலை அம்மாவின் காலில் கட்டு மாற்றுவதற்காக ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றே முக்கால் இருக்கும். பழைய கார்களைப் பிரிக்கும் எங்கள் யார்டில் கிரேன் ஓட்டும் குமார் போன் செய்தான். “யக்கா, எங்க கீற?” என்று கேட்டான். பின்னால் யாரோ தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கத்துவது கேட்டது. “இன்னாடா ஆச்சு?” என்றேன். “ஜெயராஜ் அண்ணன் மேல வண்டி எறங்கிடுச்சுக்கா. ஆம்புலன்ஸ்காரங்க பாத்துட்டு கைய விரிச்சிட்டாங்க” என்றான்.

எந்த வண்டி என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. பதினாறு வருடமாக அதையே கேட்டு வந்த வாய், அன்றும் அதையே கேட்டது.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு நினைவு மலரில் அண்ணனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொன்னார்கள். கொருக்குப்பேட்டை யார்டில் அவரோடு அதிக நாள் இருந்தவள் நான்தான் என்பதால் என்னிடம் கேட்டார்கள். பழைய கார்களிலிருந்து அவர் இன்ஜின் பாகங்களைக் கழற்றுவார். கழற்றியது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று பெயின்ட் பேனாவால் நான் அதன்மேல் எழுதி அடுக்குவேன். வாங்க வருகிறவர்களிடம் பேசுவதும் என் வேலை.

அவரை வேலையில் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. காரைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்ததும் நான்கு பக்கமும் சுற்றி வந்து ஒவ்வொரு ஸ்டாண்டையும் காலால் மூன்று முறை உதைப்பார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு அடியில் நுழைவார். புதிதாகச் சேர்ந்த ஒரு ஆள் வெறும் ஜாக்கியை மட்டும் வைத்துவிட்டு அடியில் படுத்திருந்ததைப் பார்த்து, அவன் இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்துப்போட்டார். “ஜாக்கிய நம்பி பூந்துகினு கீற. அது இன்னா உனுக்கு மாமனா, மச்சானா?” என்று கேட்டார். அன்று முழுவதும் அந்த ஆளோடு அவர் பேசவில்லை.

பெருவெள்ளம் வந்த வருடம் எங்களுக்கு கார்கள் குவியல் குவியலாக வந்தன. கதவைத் திறந்தால் சேறு வழியும். அப்படி வந்த ஒரு வாடகைக் காரின் பின்னாலேயே அதன் டிரைவரும் வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும். அண்ணன் பானெட்டைக் கழற்றுவதைப் பார்த்தபடி ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருந்தார். கடைசியில், “அண்ணா, ஒரே ஒரு தபா ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?” என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. வேறு வண்டியிலிருந்து நல்ல பேட்டரி ஒன்றைத் தூக்கி வந்து மாட்டி, சாவியை அவர் கையிலேயே கொடுத்தார். அவர் சாவியைத் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு அண்ணன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையைக் காட்டினார். உள்ளே செம்மண் நிறத்தில் தண்ணீர் நின்றிருந்தது.

“கண்ணால பாத்துட்டல்ல, நைனா. இன்னமே மனசு கெடந்து அடிச்சிக்காது. போய் எதுனா சாப்டு” என்றார். அந்த டிரைவர் தெருவைத் தாண்டிப் போகும்வரை இன்ஜினில் ஸ்பேனர் வைக்கவில்லை. என்னிடம் வந்து, “ஓடற வண்டி ஓனருக்கு பயந்து மறைக்கும், ஸ்டெல்லா. இங்க வந்துட்டா எல்லாத்தயும் சொல்லிடும்” என்றார். மறைப்பது அவருக்குப் பிடிக்காது. அதனால்தான் பின்னால் நடந்தது எனக்கு இவ்வளவு கனமாக இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் ஸ்பேனர் ஒன்றை என்னிடம் நீட்டி, “பத்தா பதிமூணா பாரு, ஒரே கிரீஸா கீது” என்றார். நான் துணியை எடுத்துத் துடைக்கப் போனேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. எண் பளிச்சென்று தெரிந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு மேல் நான் விடவில்லை. ஒரு வாரம் நச்சரித்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சர்க்கரை கண்ணின் பின்பக்கத்தைத் தின்றுவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். இடது கண்ணில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை. வலது கண்ணை ஊசி போட்டுக் கொஞ்ச நாள் தள்ளலாம், முன்பே வந்திருக்க வேண்டும் என்றார்.

கண்ணை விரிக்கச் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். வெயில் தாங்காமல், திரும்பி வரும் பஸ்ஸில் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்டையார்பேட்டை தாண்டியதும் கைக்குட்டைக்குள்ளிருந்தே பேசினார்.

“ஸ்டெல்லா, யாராண்டயும் சொல்லிடாத.”

“மொதலாளி கிட்ட சொன்னா வேற வேல குடுப்பாருண்ணா.”

“வேற இன்னா வேல? எனுக்கு இத்த வுட்டா இன்னா தெரியும்? வூட்ல உக்கார வச்சிடுவாங்கோ. ஒரு வாரம் உக்காந்தன்னா நான் செத்துருவேன்.”

“அண்ணிக்காவது சொல்லணும்ல?”

“லூர்து கிட்டயா? அவ மொதலாளிக்கு சொல்லி அனுப்பியே என்ன நிறுத்திடுவா. வாணாம்மா. நான் போல்ட்ட கையால பாத்துக்குறேன். மத்தத நீ பாத்துக்கோ.”

சரி என்றேன். அந்தச் சரிக்குப் பிறகு மூன்று வருடம் ஓடியது. போல்ட் விஷயத்தில் அவர் சொன்னது உண்மைதான். விரல் நுனியால் தடவியே அளவு சொல்வார், மற்ற எவரையும்விட வேகமாகக் கழற்றுவார். ஸ்டாண்டு சமமான தரையில் நிற்கிறதா, அடியில் வைத்த பலகை விரிசல் விட்டிருக்கிறதா, எண்ணெய் கசிந்திருக்கிறதா என்பதெல்லாம் காலால் உதைத்தால் தெரியாது. அதற்கு நான் இருந்தேன். கையில் நோட்டோடு ஏதோ எழுதுவதுபோல வண்டியைச் சுற்றி வருவேன். அவர் குனிந்தபடி, “நல்லா கீதா?” என்பார். “நல்லா கீதுண்ணா” என்பேன். அப்புறம்தான் சிலுவை போட்டுக்கொள்வார். இரண்டு முறை, “இருண்ணா” என்று சொல்லியிருக்கிறேன். குமாரைக் கூப்பிட்டு ஸ்டாண்டை மாற்றி வைத்தோம். எங்களைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாங்கள் கெட்டிக்காரர்கள் என்றுகூட நான் நினைத்துக்கொண்டேன்.

ஊசிக்கு இரண்டு முறை போனார். மூன்றாவது முறைக்கு இன்று நாளை என்று தள்ளிப் போட்டார். நானும் கேட்பதை விட்டுவிட்டேன். யார்டில் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் இறந்ததற்கு முந்தின இரவு அம்மாவின் கால் புண்ணிலிருந்து நீர் வடிய ஆரம்பித்தது. காலையில் முதலாளிக்குப் போன் செய்து வரமாட்டேன் என்றேன். அண்ணனுக்குச் சொல்லவில்லை. சொல்லலாம் என்று நினைத்தேன், அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

பிறகு நடந்ததைக் குமார்தான் சொன்னான். காலையில் வந்து என் மேசைப் பக்கம் இரண்டு முறை நடந்தாராம். “ஸ்டெல்லா வர்லயா?” என்று கேட்டாராம். லீவு என்றதும், வழக்கம்போல நான்கு பக்கமும் உதைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். பின்பக்க ஸ்டாண்டுக்கு அடியில் இருந்த பலகை எண்ணெயில் ஊறியிருந்தது. கியர் பாக்ஸ் போல்ட்டை அழுத்தி இழுத்தபோது பலகை வழுக்கிவிட்டது. பத்தடி தூரத்தில் குமார் இருந்தான். “நல்லா கீதா” என்று அவனிடம் கேட்டிருந்தால் போதும். கேட்டால், ஏன் கேட்கிறார் என்று அவன் யோசிப்பானே.

போலீஸ்காரர் எழுதியதில் கவனக்குறைவு என்று இருக்கிறது. முதலாளியும் அதையே சொன்னார். ராயபுரம் கல்லறையில் மண் போட்டுவிட்டு நின்றபோது, முன்பு அவர் காலைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்ட அந்த ஆளே, “நமக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டு அவுரே இப்டி அசால்ட்டா இருந்துட்டாரே” என்றான். முப்பது வருடம் ஒவ்வொரு வண்டியையும் சுற்றி வந்த மனிதர், கவனமில்லாதவர் என்ற பெயரோடு மண்ணுக்குள் போனார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் லூர்து அண்ணி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“கொஞ்ச நாளா சோத்துல கையால தடவிக்கினே சாப்ட்டாரு, ஸ்டெல்லா. கொழம்பு எது, ரசம் எதுன்னு கேட்டாரு. அவுருக்குக் கண்ணு மங்கிப்போச்சா? உன்னாண்ட எதுனா சொன்னாரா?”

“எங்கிட்ட ஒண்ணும் சொல்லலண்ணி” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சரிம்மா. எனுக்குத்தான் பைத்தியம் புடிக்குது போல” என்றார்.

அண்ணனை அறிந்தவர்களே, அவர் நல்லவர், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார் என்றெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன். அதெல்லாம் உங்களுக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றை மட்டும் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டதால் எனக்கு எதுவும் குறையவில்லை. அவருக்கும் இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. இந்த இரண்டு பக்கத்தை யாராவது லூர்து அண்ணிக்குப் படித்துக் காட்டுவீர்கள்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரு சீட்டு. வீட்டில் வேண்டாம் என்று என் மேசை டிராயரில் வைக்கச் சொன்ன கண் ஆஸ்பத்திரிச் சீட்டு. மேலே அவர் பெயர், வயது, இரண்டு கண்ணைப் பற்றியும் டாக்டரம்மா எழுதியது. கீழே, கூட வந்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. அண்ணி, உங்களுக்குப் பைத்தியம் இல்லை. நீங்கள் கேட்டால் அதைக் கொண்டுவந்து தருகிறேன். நான் வரக்கூடாது என்றால் குமாரிடம் கொடுத்தனுப்புகிறேன்.