சாம்பியாவில் அக்காவின் காய்ச்சல்

சாம்பியாவில் எங்களுக்குக் கொடுத்த வீட்டின் கதவுக்கு ஒரேயொரு இரும்புத் தாழ்ப்பாள்தான். பொழுதுபட முன்னமே அதைப் போட்டுவிட்டு, மேசையையும் இழுத்துக் கதவோடு அணைத்து வைப்பேன். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் கிராமத்தில் எல்லாவற்றுக்கும் பயம். தகரக் கூரையில் ஏதாவது ஊர்ந்தால் பயம். சத்தமே இல்லாவிட்டால் அதைவிடப் பயம். கழிப்பறை வளவின் கோடியில், உயர்ந்த புல்லுக்கு நடுவே இருந்தது. பாம்புக்குப் பயந்து பின்னேரத்துக்குப் பிறகு தண்ணீரே குடிக்கமாட்டேன். பள்ளிக்கூடத்தில் தொண்டு செய்ய வந்தவளின் லட்சணம் இது.

என்னோடு வந்த அக்கா அப்படியில்லை. கூடப்பிறந்தவர் அல்ல, ஒஸ்லோவின் ஹொல்ம்லியாப் பகுதியில் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்தவர். யாழ்ப்பாணத்தில் சண்டைக்குள் வளர்ந்து, அகதியாக நோர்வே வந்து, முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர். அவர் கூட வருகிறார் என்றுதான் அம்மா என்னைப் போகவிட்டார். “பாம்பு உன்னைக் கண்டுதான் ஓடும், படு” என்பார். மலேரியா வராமல் இருக்கத் தந்த குளிசையை இருவரும் சாப்பிட்ட கையோடு ஒன்றாகவே போடுவோம். அது கெட்ட கனவுகளைக் கொண்டுவரலாம் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். எனக்கு ஒருமுறை ரயிலைத் தவறவிடுவதுபோல் கனவு வந்தது, அவ்வளவுதான்.

ஒருநாள் அக்காவுக்குக் காய்ச்சல் தொடங்கியது. ஒஸ்லோவில் எந்த வருத்தத்துக்கும் டொக்டர் சொல்வதையே நாங்களும் செய்தோம்: பரசெத் என்ற காய்ச்சல் குளிசையைப் போட்டு, தண்ணீர் குடித்து, படுத்திருந்து பார்ப்பது. “சும்மா தடிமன்தான், பாப்பம்” என்றார் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. நானும் நம்பினேன். குளிசை போடுகிறோமே, மலேரியா எப்படி வரும்?

மறுநாள் மத்தியானம் தேநீர் கொண்டுபோனேன். அக்கா என்னை யாரோபோலப் பார்த்தார். “பங்கருக்குள்ளை ஓடு, ஓடு” என்று கத்தினார். பிறகு கூப்பிட்டும் அசையவில்லை. புல்லாவது பாம்பாவது, வெறுங்காலோடு தலைமையாசிரியர் வீட்டுக்கு ஓடினேன். அவருடைய பிக்கப்பில் மெத்தையோடு ஏற்றினோம். கிளினிக் வரையும் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று மட்டுமே பார்த்தேன். ஒரு பள்ளத்தில் வாகனம் தூக்கிப்போட்டபோது அக்காவுக்கு மூச்சு நின்றுவிட்டது போலிருந்தது. அம்மாவுக்கு எப்படிச் சொல்வேன் என்றுகூட யோசித்துவிட்டேன்.

மலேரியாதான். மூளையைத் தாக்கத் தொடங்கிவிட்டது என்றார்கள். தடுப்புக் குளிசை போடவில்லையா என்று தாதி கேட்டார். என் கண்முன்னால்தான் போட்டார் என்று அடித்துச் சொன்னேன். மருந்து ஏறி, அக்காவுக்கு நினைவு திரும்பிய பிறகு, ஏன் இப்படி வந்தது என்று அவரிடமே கேட்டேன்.

“முதல் கொஞ்ச நாள்தான் போட்டனான். பிறகு வாய்க்குள்ளை வைச்சிருந்து துப்பிப்போடுவன்.”

“ஏன் அக்கா?”

“போட்டால் சண்டைக்காலச் செல்லடி திரும்பக் கனவிலை வருது, பிள்ளை. ஒவ்வொரு நாளும் தம்பியைத் தேடி ஓடுறன். அதைவிடக் காய்ச்சல் பறவாயில்லை எண்டு நினைச்சன்.”

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாய் வந்தன. நான் பாம்புக்குப் பயந்து கதவைப் பூட்டிய வீட்டில், அவர் நித்திரைக்குப் பயந்து படுத்திருக்கிறார். தம்பி என்று ஒருவர் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

நாங்கள் ஒஸ்லோ திரும்பியபின் நான் வேறிடம் குடிபோய்விட்டேன். போன கிழமை தொலைபேசியில் அக்காவின் குரல் அடைத்திருந்தது. தடிமன்தான், பரசெத் போட்டாயிற்று என்றார். வேலையிடத்திலிருந்து நேரே ரயிலேறி ஹொல்ம்லியாவுக்குப் போனேன். வெளியே பனி கொட்டியது. இந்தக் குளிரில் மலேரியா ஏது என்று எனக்கும் தெரியும். என்றாலும் நிலையத்திலிருந்து அவர் வீடு வரைக்கும் ஓடித்தான் போனேன்.

கதவைத் திறந்தவர், “உனக்கென்ன விசரே? இஞ்சை எங்கை நுளம்பு?” என்று பேசினார். பேசிக்கொண்டே நெற்றியை என் கைக்கு நீட்டினார். சூடு இல்லை.

“ராத்திரி நித்திரை கொண்டனீங்களோ, அக்கா?” என்று கேட்டேன்.

“கோட்டைக் கழட்டு” என்றுவிட்டு, தேநீருக்குக் கேத்தல் வைக்கக் குசினிக்குள் போய்விட்டார்.