கிணற்றில் விட்ட விரால்

அந்த மீன் கொசுப்புழுவைத் தின்னும் என்று மாமா சொன்னது பொய்யில்லை. முதல் இரண்டு மாதம் அது வேறெதையும் தின்று நான் பார்க்கவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஏரிப்பக்கமாகக் குடியிருந்தார். வேலையில்லாத நாட்களில் தூண்டிலும் கையுமாகக் கரையில்தான் இருப்பார். ஆடி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் பாட்டிலில் ஒரு விரால் குஞ்சைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. செம்மண் நிறம், பக்கவாட்டில் ஒரு கோடு. எனக்கு அப்போது ஒன்பது வயது. நாய் வளர்க்க அனுமதி கேட்டுத் தோற்றுப்போயிருந்த சமயம்.

எங்கள் கொல்லைக் கிணற்றில் ஏற்கெனவே மீன் இருந்தது. சுகாதாரப் பணிக்கு வரும் அக்கா, கொசுப்புழுவைத் தின்பதற்காக ஒரு கை நிறையப் பொடிமீன்களை விட்டுப் போயிருந்தார். அதில் யாரும் எதையும் போடக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

"பயந்துகினு இருக்காத பாப்பா. இதுவும் புழுவத்தான் துண்ணும்," என்றார் மாமா. நான்தான் பாட்டிலைக் கிணற்றுக்குள் கவிழ்த்தேன். அம்மாவிடம் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. நானாகத்தான் சொல்லவில்லை.

தினமும் பள்ளி விட்டு வந்ததும் கிணற்றுச் சுவரில் வயிற்றை அழுத்திக்கொண்டு எட்டிப் பார்ப்பேன். குஞ்சு மேலே வந்து புழுக்களைக் கொத்தும். கொஞ்சம் வளர்ந்ததும் தலைப்பிரட்டைகளைத் துரத்தியது. சிவப்பு போய் உடம்பு கறுத்தது. ஐப்பசியில் ஒருநாள் அதன் வாயிலிருந்து ஒரு பொடிமீனின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வாலும் உள்ளே போயிற்று.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஏதோ பசியில் செய்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, கரப்பான்பூச்சி பிடித்துப் போட ஆரம்பித்தேன். கரப்பானையும் தின்றது, பொடிமீனையும் தின்றது. கார்த்திகை பிறந்தபோது கிணற்றில் அது ஒன்றுதான் மிச்சம். ஒரு சாணுக்கு மேல் வளர்ந்து கட்டை போலக் கிடந்தது. அதன் தலைக்கு மேலேயே கொசுப்புழுக்கள் நெளிந்து நெளிந்து ஏறி இறங்கின. அது அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அந்த வாரம்தான் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். அம்மாவும் அப்பாவும் அவனைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எனக்குத் துணையாக மாமா வந்து தங்கினார். அப்பா போனில் சொல்லும் பிளேட்லெட் எண்ணிக்கை வேளைக்கு வேளை குறைந்துகொண்டே வந்தது. அது எதன் எண்ணிக்கை என்று எனக்குத் தெரியாது. குறைந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்பதைக் கிணற்றில் பார்த்திருந்தேன். சோறு இறங்கவில்லை. மாமாவின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

மூன்றாம் நாள் சுகாதார அக்கா வந்தார். ஒரு வாளி தண்ணீர் சேந்தி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இன்னா இது, ஒரே புழுவா கீது. நான் வுட்ட மீனுங்க எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முன்னால் வந்தார்.

"நான்தாங்க ஒரு வெரால் குஞ்ச வுட்டேன். அது துண்ணுட்டு இருக்கும்."

"சின்னதுல துண்ணத வளந்தப்புறமும் துண்ணுமா? ஏரியில மீன் புடிக்கிறவரு, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றார் மாமா.

மறுநாள் மருந்து ஊற்ற வருவதாகவும், அதற்குள் மீனை எடுத்துவிடும்படியும் சொல்லிவிட்டு அக்கா போனார். மாமா தூண்டில் முள்ளில் ஒரு சின்னத் தவளையைக் கோத்து இறக்கினார். விரால் உடனே கவ்வியது. அதை வாளியில் போட்டு ஏரியில் விடக் கிளம்பியவரிடம், "நான்தானே கிணத்துல விட்டேன், எதுக்கு மாமா பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நான் பொய் சொல்லல பாப்பா," என்றார். எனக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் காலை அம்மா மாற்றுத்துணி எடுக்க வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் மாமா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "எம்மேலதான் தப்புக்கா. இன்னா வேணா திட்டு," என்றார்.

அம்மா திட்டவில்லை. அவர் சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜை இழுத்துத் திருப்பி, பின்னால் அடியில் இருந்த தண்ணீர்த் தட்டை உருவினாள். கொல்லையில் கொண்டுபோய் வெயில் காயும் தரையில் கொட்டினாள். தேங்காய் நார் எடுத்துத் தேய்த்தாள். கழுவினாள். மறுபடியும் தேய்த்தாள். தோள் குலுங்கியது.

தம்பி எட்டாம் நாள் வீடு திரும்பினான். விராலைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரிலும் டெங்குக் கொசு முட்டையிடும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அம்மாவிடம் சொல்லியிருந்தார். இது எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. அன்று, தம்பி அப்படிக் கிடக்கும்போது அம்மா எதற்காக ஒரு தட்டைப் போய் இப்படிக் கழுவுகிறாள் என்றுதான் நினைத்தேன். அந்த வீட்டில் தப்பு செய்தது நான் ஒருத்திதான் என்று நம்பிக்கொண்டு, அவள் கழுவக் கழுவச் சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினேன்.