ழனெத்தின் பியட்டும் பத்து மணிப் பூசையும்

ழனெத்துக்கு மிஷன் வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாரம் முழுக்க ஊராரின் கண்ணைப் பார்ப்பாள். ஞாயிறு பூசை முடிந்தால், ரெட்டியார்பாளையம் வீட்டு வாசலில் தன் பழைய நீல பியட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் மத்தியோ முதன்முதலில் பார்த்ததே அப்படித்தான். காருக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. யாரோ அடிபட்டுக் கிடக்கிறார்கள் என்று பதறி, பாதத்தைப் பிடித்து இழுத்துவிட்டான்.

வெளியே வந்தவள், "இழுக்கறதுதான் இழுத்தீங்க, அந்த ஸ்பேனர எடுத்துக் குடுத்துட்டு இழுக்கக் கூடாதா?" என்றாள். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டான்.

அம்மா ஏஸ்தெலுக்கு மாப்பிள்ளையைப் பிடித்தது. காரைத்தான் பிடிக்கவில்லை. பிரான்சிலிருந்து சொந்தக்காரர்கள் வரும்போது கல்யாணப் பெண் இந்தத் தகரத்திலா போவது? மகளோ இதில்தான் போவேன், நானேதான் ஓட்டுவேன் என்று நின்றாள். கடைசியில் அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

"பத்து மணிப் பூசைக்கு உன்னக் கோயில்ல சேத்துட்டா வெச்சுக்க. மக்கர் பண்ணுச்சு, திங்கக்கெழமையே காயலான் கடைதான்."

ழனெத் ஒப்புக்கொண்டாள். அந்த வாரமே புது பேட்டரி, புது சைலன்சர் என்று எல்லாம் மாட்டி, ரெட்டியார்பாளையத்தை இரண்டு தடவை சுற்றியும் வந்தாள். வண்டி தேனாய் ஓடியது.

கல்யாணத்தன்று காலை வெள்ளைக் கவுனை அள்ளிச் சுருட்டிக்கொண்டு ஏறி, சாவியைத் திருகினாள். கிர்ர்ர்... கிர்ர்ர்... என்ஜின் ஜோராகச் சுற்றியது. ஆனால் பிடிக்கவில்லை. மறுபடியும் திருகினாள். கிர்ர்ர்தான்.

அம்மா போனை எடுத்து வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டு, "இருவது நிமிசத்துல வருதாம்" என்றாள். அந்தக் குரலில் காயலான் கடைக்காரனே வந்து நின்றான்.

ழனெத் இறங்கி பானெட்டைத் திறந்தாள். மேக்கப் போட்டுவிட்ட சிநேகிதி ஃபரீஹா அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அடியே, கவுன்ல கிரீஸ் பட்டுச்சு, உன்ன கொன்னுட்டுதான் நான் பிரியாணி சாப்புடுவேன்!"

"பேசாத. போய் உக்காந்து சாவியத் திருகு."

ஃபரீஹா விடவில்லை. கொடியில் கிடந்த ஒரு பூப்போட்ட நைட்டியைக் கொண்டுவந்து கவுனுக்கு மேலேயே மாட்டிவிட்டுத்தான் உள்ளே ஏறினாள். தலையில் வெள்ளை வலை, கீழே நைட்டி, கையில் ஸ்பேனர். எதிர்வீட்டு மாடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

என்ஜின் இவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதென்றால் பேட்டரியில் குறையில்லை. ழனெத் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி முகர்ந்தாள். ஈரம், பெட்ரோல் வாடை. அப்படியானால் பெட்ரோல் வருகிறது. பிளக்கை வயரில் செருகி, இரும்பில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, "திருகு!" என்றாள். நீலப்பொறி சட் சட்டென்று தெறித்தது. நெருப்பும் இருக்கிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தாள். கிர்ர்ர்.

"எல்லாம் இருக்குடி. அப்புறம் ஏன் இதுக்கு இவ்ளோ பிகு?"

"உன்ன மாதிரிதான். எல்லாம் இருக்கு, கெளம்பத்தான் மாட்டேங்குது" என்றாள் ஃபரீஹா.

ழனெத் சிரித்துக்கொண்டே காதைத் தீட்டினாள். என்ஜின் சுற்றும்போது பின்னாலிருந்து புஸ் புஸ் என்று ஒரு மூச்சு கேட்க வேண்டும். இன்று கேட்கவில்லை. உள்ளே போகிற காற்று வெளியே வராவிட்டால் வண்டி எப்படி மூச்சு விடும்? நைட்டி பறக்கப் பின்பக்கம் ஓடினாள்.

சைலன்சர் குழாயின் வாயில் ஒரு ரோஜாச் செண்டு விறைப்பாக நின்றது. பிடித்து இழுத்தாள். ரோஜாவோடு ஒரு முழ நீளத்துக்கு பாகெத் ரொட்டியும் வந்தது.

"தாந்த்!"

சித்தியை அவள் பிரெஞ்சில் அப்படித்தான் கூப்பிடுவாள். காருக்குப் பூ அலங்காரம் செய்த சித்தி ஏலிஸ் முன்னே வந்தாள். கல்யாணத்துக்காக பிரான்சின் லியோனிலிருந்து வந்தவள்.

"பூ குத்தற பஞ்சு தீந்துபோச்சு, ஷெரி, என் கண்ணு. நேத்து ரொட்டி நல்லா கெட்டியா இருந்துது. அந்த ஓட்டையும் பாக்கவே அசிங்கமா இருந்துது, இறுக்கி அடைச்சுட்டேன்."

"தாந்த், வண்டி பொக விடறதே அதுலதான்!"

"எனக்கென்ன தெரியும்? எங்க கார்ல ஓட்டையே கெடையாது. அது கரண்ட்டு வண்டி!"

ஃபரீஹா ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். ஹார்ன் நீளமாய் அலறியது.

ழனெத் பிளக்கை மாட்டி, அவளைத் தள்ளி உட்காரவைத்து, ஆக்ஸிலரேட்டரைத் தரை வரை மிதித்துச் சாவியைத் திருகினாள். தேங்கிய பெட்ரோல் வெளியேற வேண்டும். கிர்ர்ர்... கிர்ர்ர்... டமார்! உள்ளே மிஞ்சியிருந்த ரொட்டித் துண்டு பறந்துபோய்த் தெருவில் விழுந்தது. ஒரு நாய் அதைக் கவ்விக்கொண்டு ஓடியது. பியட் கருப்பாய் ஒரு புகை விட்டுவிட்டு உறுமியது. மாடியில் கைதட்டல்.

வாடகைக் காரும் அதே நேரத்தில் வந்து நின்றது. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா வாடகைக் காரின் கதவைத் திறந்தாள்.

"ஏலிஸ், நீ இதுல ஏறு."

"நானா? ஏன்?"

"என் பொண்ணு வண்டில இனிமே நீ கை வெக்கக் கூடாது."

சொல்லிவிட்டு ஏஸ்தெல் பட்டுச்சேலையை இடுக்கிக்கொண்டு, ஃபரீஹாவைப் பின்சீட்டுக்கு விரட்டிவிட்டு பியட்டின் முன்சீட்டில் ஏறினாள். "பாத்துக்கிட்டே இருக்கியே, மிதி! மணி அடிச்சுடப் போறாங்க."

மணி அடிக்கும்போது அவர்கள் கோயில் வாசலில் இருந்தார்கள். மத்தியோ ஓடிவந்து கதவைத் திறந்து, பெண்ணை மேலும் கீழும் பார்த்தான்.

அவள் இன்னும் நைட்டியைக் கழற்றவில்லை.