குழம்பு மட்டும்

எனக்குக் கோழிக்கறி ஒத்துக்கொள்ளாது. ஆட்டுக்கறி தின்பேன், மீன் தின்பேன், கருவாடு என்றால் உயிரை விடுவேன். முட்டைகூடத் தின்பேன். கோழி மட்டும் ஆகாது. காடையை ஒருமுறை தொட்டுப் பார்த்தேன், அதுவும் ஆகவில்லை. பறப்பதில் எதுவும் வேண்டாம் என்று அன்றோடு விட்டுவிட்டேன்.

இதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? "முட்ட துன்னுவியாம், கோழி துன்ன மாட்டியாம். முட்டைலேர்ந்துதானே கோழி வருது?" என்று கேட்டு, ஏதோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி சுற்றியிருப்பவர்களைப் பார்ப்பார்கள். ஆயிரம் தடவை கேட்டுவிட்டேன் இந்தக் கேள்வியை. ஆரம்பத்தில் விளக்கம் சொல்வேன். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்கப் பழகினேன்.

ஏழு வயதில் தீபாவளிக்கு முதன்முதலாக வந்தது. உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு. பூச்சி கடித்துவிட்டது என்று வேப்பிலை அரைத்துப் பூசினார்கள். அடுத்த முறை மூச்சு இழுத்தது. விழுப்புரத்தில் ஒரு டாக்டர் எதையெதைத் தின்றேன் என்று வரிசையாகக் கேட்டு, கடைசியில் அப்பாவிடம் சொன்னார்: "இந்தப் பொண்ணுக்குக் கோழி வேணாம். ஒரு வாய் கூட வேணாம். தொண்ட அடைச்சிக்கினா காப்பாத்த நேரம் இருக்காது." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு சட்டம். அந்தச் சட்டத்தை அப்பா எனக்காக மட்டும் பயன்படுத்தவில்லை என்பதுதான் நான் எழுத வந்த விஷயம்.

எங்களுக்குக் காணைப் பக்கம் நிலம். நெல்லும் கரும்பும். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, எங்கள் கரும்புக் கொல்லையில் வெகுகாலம் வேலை செய்தவர் வீட்டில் கல்யாணம். காலனியில் பந்தல். "போய்த் தலையைக் காட்டிட்டு வந்துரலாம்" என்று அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தாலி கட்டியதும் பந்தி போட்டார்கள். அந்தப் பெரியவர் வந்து, "ஒரு வாய் சாப்ட்டுப் போங்க" என்று கூப்பிட்டார்.

அப்பா என் தலையில் கையை வைத்தார். "பாப்பாவுக்குக் கோழி ஒத்துக்காதுப்பா. அத வெறும் வயித்தோட ஒக்கார வெச்சிட்டு நான் மட்டும் எப்படிச் சாப்புடறது?"

இலையில் இருந்தது சாம்பார், வடை, அவரைக்காய்ப் பொரியல், பாயசம். முகூர்த்தச் சாப்பாடு. கோழி அந்தத் தெருவிலேயே வேகவில்லை. பெரியவர் இலையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிங்க" என்றார். யாரையோ கடைக்கு அனுப்பி இரண்டு பாட்டில் கலர் வாங்கிவரச் சொல்லி, மூடியை எங்கள் கண் முன்னாலேயே திறந்து கொடுத்தார். வீட்டுத் தண்ணீர் வேண்டாம், கடை பாட்டில் பரவாயில்லை. அந்தக் கணக்கு அவருக்கும் தெரிந்திருந்தது, அப்பாவுக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. ஆரஞ்சு கலர் என்று நான் சந்தோஷமாகக் குடித்தேன்.

விவரம் புரிந்த வயதில் அந்த மனிதர் முகம் அடிக்கடி ஞாபகத்துக்கு வரும். எனக்கு வந்தது நிஜமான நோய். அதைத் தூக்கிக்கொண்டு போய் அப்பா ஒரு பொய்யாக ஆக்கிவிட்டார். அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அந்தக் கல்யாணத்தை நினைத்து வந்ததுதான். ஆனால் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

பிறகு திண்டிவனத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எனக்கு வேலை கிடைத்தது. ரிப்போர்ட் அடிக்கிற வேலை. விழுப்புரத்திலிருந்து காலை பாசஞ்சரில் போய் மாலை ரயிலில் திரும்புவேன். அங்கே ரத்தம் எடுக்கிறவள் என் தோழியானாள். பிரம்மதேசம் காலனியில் வீடு. அப்பா இல்லை, அம்மா கழனி வேலை செய்து படிக்க வைத்தவர்.

நாலு வருஷம் டப்பாவை மாற்றி மாற்றிச் சாப்பிட்டோம். என் டப்பாவை அவள் திறப்பதற்குள் அவள் டப்பாவை நான் காலி செய்திருப்பேன். அவள் அம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்புக்கு ஈடு எங்கும் கிடையாது. திங்கட்கிழமைகளில் மட்டும் அவள் தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிடுவாள், ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்பு மிச்சமிருக்கும் என்பதால். சாப்பிட்டு முடித்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் என் பக்கத்தில் வருவாள். என் வீட்டில்கூட என்னை யாரும் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

அவர்கள் ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்ட மெத்தை வீடு கட்டி முடித்தபோது, "என் கருவாட்டுக் கொழம்ப நக்கிச் சாப்புடற அந்தப் பொண்ணக் கூட்டிக்கினு வா" என்று அந்தம்மா சொல்லி அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். தோழி தன் அம்மாவிடம் கோழி வேண்டாம், மீன் வை என்று பத்து தடவை சொல்லியிருந்தாள்.

தெருமுனையிலேயே வாசனை வந்துவிட்டது. அந்தம்மா முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியைப் பிடித்து அடித்திருந்தார்.

"அம்மா, நான் என்னா சொன்னேன்? படிச்சுப் படிச்சு சொன்னேனே!" என்று தோழி வாசலிலேயே கத்தினாள்.

"மொத மொதல்ல வூட்டுக்கு வர்ற பொண்ணுக்குக் கோழி அடிக்காம மீனு வெச்சா நாலு பேரு என்னா சொல்வாங்க? சூடு ஆகாதுன்னா பீஸு துன்ன வேணாம், அவ்ளோதானே?" என்றார் அந்தம்மா. ஒத்துக்காது என்றால் அவர் அகராதியில் உடம்புச் சூடு. கறியை ஒதுக்கிவிட்டால் குழம்பு வெறும் குழம்புதான்.

தோழி தலையில் அடித்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். "அரை மணி நேரம். திண்டிவனம் போய் மீன் வாங்கியாந்துடறேன். நீ எதையும் தொடாதடி."

நானும் அந்தம்மாவும் மட்டும் இருந்தோம். சுவரில் சுண்ணாம்பு வாசம் போகவில்லை. எனக்கு இலை போட்டுச் சோறும் வைத்தாகிவிட்டது. எதிரே உட்கார்ந்து, கோபமே இல்லாமல், சிரித்துக்கொண்டுதான் சொன்னார்: "நானும் இத்தினி வருஷமா பாத்துக்கினுதான் இருக்கேன் பாப்பா. ஒருத்தருக்கு சக்கர, ஒருத்தருக்கு வெரதம், ஒருத்தரு இப்பதான் சாப்ட்டு வந்தேன்னுவாரு. எங்கூட்ல கை நனைக்கணும்னா மட்டும் எல்லாருக்கும் எதுனா ஒண்ணு ஒத்துக்காம போய்டுது."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"நீ அப்பிடி இல்லன்னு எம்பொண்ணு சொல்லுது. பீஸு வேணாம். கொழம்பு மட்டும் ஊத்தறேன். ரெண்டு வாய் சாப்டு பாப்பா."

வெறும் சோற்றில் உப்புப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஒரு முட்டையை அவித்துக் கொடுங்கள் என்றிருக்கலாம். நாலு வருஷமாக உங்கள் சோற்றைத்தானே தின்கிறேன் என்று உரிமையாகச் சண்டை போட்டிருக்கலாம். ஒன்றும் தோன்றவில்லை. தலைமேல் அப்பாவின் கை இருப்பதுபோலவே இருந்தது. நான் அப்பா இல்லை என்று காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். கைப்பையில் அரிப்பு மாத்திரை இருக்கிறது, கொஞ்சம் தடிக்கும், சமாளித்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரிந்தே சாப்பிட்டேன். இரண்டு வாய் இல்லை, நாலு வாய். பாழாய்ப்போன குழம்பு அவ்வளவு ருசியாக இருந்தது. அந்தம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து ஐந்தாவது வாய்க்கும் கையைக் கொண்டுபோனேன்.

அதற்குள் உள்ளங்கை அரித்தது. பிறகு உதடு. மாத்திரையை எடுக்கப் போனபோது விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. தொண்டைக்குள் யாரோ துணியை அடைப்பதுபோல் இருந்தது. அந்தம்மா "ஐயோ, என்னாச்சு பாப்பா, என்னாச்சு" என்று என் முதுகைத் தட்டினார். மீன் பையோடு உள்ளே வந்த தோழி இலையைப் பார்த்தாள். பையை அங்கேயே போட்டுவிட்டு என்னைத் தூக்கினாள். ஸ்கூட்டியில் அவள் முன்னால், நான் நடுவில், என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தம்மா பின்னால். வழியெல்லாம் அவர் அங்காளம்மனைக் கூப்பிட்டது மட்டும் காதில் விழுந்தது.

திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது வார்டு வாசலில் அந்தம்மா வெறுங்காலோடு, என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அப்பா விழுப்புரத்திலிருந்து வந்துசேர்ந்தார். தோழியிடம் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாள். "எந்தத் தெரு?" என்றார். அதையும் சொன்னாள். அப்பா அந்தம்மா பக்கம் திரும்பினார்.

"என்னாத்தக் கலந்து குடுத்த எம்பொண்ணுக்கு?"

வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தம்மா செருப்பைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "கொழம்பு மட்டுந்தாங்க. பீஸு போடலீங்க. தெரியாம பண்ணிட்டேங்க."

"ஸ்டேஷன்ல வந்து சொல்லு, இதெல்லாம்" என்றார் அப்பா.

எல்லாம் எனக்குக் கேட்டது. நாக்கு வாயை அடைத்துக்கொண்டு கிடந்தது, ஒரு சொல் வரவில்லை. நர்ஸிடம் சைகை காட்டிப் பேனா வாங்கினேன். மருந்துச் சீட்டின் பின்னால் எழுதினேன்: 'அவங்க மேல தப்பில்ல. கோழின்னு தெரிஞ்சேதான் சாப்ட்டேன். அவங்ககிட்ட படிச்சுக் காட்டுங்க.' எழுத்து கோணலாகத்தான் விழுந்தது, ஆனால் படிக்க முடியும். அப்பா படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தம்மாவிடம், "நீ கெளம்பு, மத்தத அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். என் நாக்கு அடங்கிப் பேச்சு வந்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அப்பாவிடம் கேட்டேன். அந்தச் சீட்டைப் பற்றி, அந்தக் கல்யாணத்தைப் பற்றி, சாம்பாரைப் பற்றி. தொண்டை புண்ணோடு கத்தினேன். "அது வேற, இது வேற" என்றார். என்ன வேறு என்று இன்றுவரை சொல்லவில்லை. அப்பா போலீசுக்குப் போகவில்லை, அதற்கு மட்டும் நான் விடவில்லை. ஆனால் காலனிக்காரி எதையோ வைத்துக் கொடுத்துவிட்டாள் என்ற பேச்சு பிரம்மதேசத்துக்கு எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. நாற்று நடக் கூப்பிடுகிறவர்கள்கூட அந்தம்மாவிடம் அதை விசாரித்தார்களாம்.

வேலைக்குத் திரும்பிய அன்று தோழி என்னை ரிப்போர்ட் அறையில் நிறுத்தி வைத்துக் கேட்டாள். "ஏன்டி துன்ன? எங்கம்மா முன்னாடி நல்லவளாட்டம் காட்டிக்கவா? நீ செத்துப் போயிருந்தா எங்கம்மாவ ஜெயில்லேர்ந்து யார்டி வெளிய எடுத்துக்கினு வந்திருப்பாங்க?"

அந்தம்மாவின் மனசு நோகக்கூடாது என்று சாப்பிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். அவரைப் பற்றி ஒரு நிமிஷமாவது யோசித்திருந்தால் அந்தச் சோற்றைத் தொட்டிருக்க மாட்டேன்.

பத்து நாள் பேசாமல் இருந்தாள். பிறகு டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். குழம்பில் உப்பு அதிகமாக இருந்தது. இனிமேல் டப்பா அவளே கட்டுகிறாளாம். "அம்மா ஒனக்கு சமைக்க மாட்டேன்னுட்டாங்க" என்றாள்.

மூன்று மாதம் கழித்து, அவளிடம் சொல்லாமல் பிரம்மதேசத்துக்குப் பஸ் ஏறினேன். அந்தம்மாவின் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், பழையபடி ஒரு வாய்ச் சோறு வாங்கித் தின்ன வேண்டும். வழியெல்லாம் இதுதான் எண்ணம்.

என்னைப் பார்த்ததும் எழுந்து, பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்கம்மா, ஒக்காருங்க." பாப்பா என்று கூப்பிடவில்லை. கோழிக்கூடு வெறுமையாகக் கிடந்தது. எல்லாவற்றையும் விற்றுவிட்டதாகச் சொன்னார். நான் அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன், தெரிந்தே சாப்பிட்டதை, சீட்டில் எழுதியதை, அப்பா அதை மறைத்ததை. பொறுமையாகக் கேட்டார்.

"வுடுங்கம்மா. நீங்க நல்லா இருக்கீங்க இல்ல, அது போதும்."

"பழைய சோறு இருந்தாக் குடுங்கம்மா, கருவாடு தொட்டுக்கிறேன்" என்றேன்.

"இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். தெருக்கோடிக் கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது கையில் ஒரு பாட்டில் கலர் இருந்தது. ஆரஞ்சு.

"இது வேணாம்மா. ஒரு சொம்புத் தண்ணி குடுங்க, போதும்."

அந்தம்மா என்னைப் பார்க்காமல் முந்தானையால் பாட்டிலைத் துடைத்தார். "எங்கூட்டுத் தண்ணி உங்களுக்கு ஒத்துக்காதுங்கம்மா" என்றார். பிறகு, நான் பார்க்கும்படி பாட்டிலை உயர்த்திப் பிடித்து, மூடியைத் திறந்து கொடுத்தார்.