கட்டும் முன்பே உடைப்பவர்

"நான்தான் அவ புருஷன்" என்றார் ரொஸ்னானி. வெள்ளைப் பலகையில் புது மென்பொருளின் வரைபடம் பாதிகூட முடிந்திருக்கவில்லை. "அடி தாங்காம வீட்டை விட்டு ஓடிட்டா. அவ அடையாள அட்டை நம்பர் எனக்கு மனப்பாடம். இப்ப சொல்லுங்க, எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

மலேசிய அரசு நகரான புத்ராஜெயாவில் எங்கள் அலுவலகத்துக்கு இது பழகிய காட்சி. மென்பொருளை யார் எப்படி ஏமாற்றுவார்கள் என்று காட்ட, ஒரு கூட்டத்தில் திருடனாவார், இன்னொன்றில் கையூட்டு வாங்கும் அதிகாரி. அதற்கேற்ற குரலும் வந்துவிடும். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி அவர். கறிபாப் பலகாரத்தின் முறுக்கிய ஓரத்தை மட்டும் கடித்துத் தின்றுவிட்டு, நடுவிலுள்ள கிழங்கைப் பக்கத்தில் இருப்பவரின் தட்டில் வைப்பார். யாரும் மறுப்பதில்லை. அரசு மென்பொருள்களின் பாதுகாப்பைப் பார்க்கும் பிரிவு அவருடையது. அந்தப் பிரிவில் மற்றவர்கள் எல்லாம் மென்பொருளைக் கட்டி முடித்தபின் வந்து குறை சொல்வார்கள். இவர் முதல் கூட்டத்திலேயே, அழைக்காமல் வந்து உட்கார்வார்.

திட்டத் தலைவர் ஃபௌஸான் பேனாவை மூடினார்.

"அக்கா, முதல்ல கட்டி முடிச்சிடறோம். பூட்டெல்லாம் கடைசியில போட்டுக்கலாம். அதுக்குத்தானே சோதனைன்னு தனியா நாள் ஒதுக்கியிருக்கோம்?"

"போன திட்டத்துலயும் இதையேதான் சொன்னீங்க பாஸ். கடைசியில ஓட்டை தெரிஞ்சு, கட்டினதுல பாதியைப் பிரிச்சுப் போட்டோம். மந்திரி வர்ற தேதி தள்ளிப்போனது என்னாலயா?"

ஃபௌஸான் கெட்டவர் அல்ல. அடிபட்டு வரும் பெண் எந்த மாவட்ட அலுவலகத்தின் கதவைத் தட்டினாலும், அங்கே அடையாள அட்டை எண்ணைத் தட்டியதும் அவள் விவரமெல்லாம் திரையில் வரவேண்டும், உதவி உடனே கிடைக்கவேண்டும் என்று நினைத்தார். அவள் தங்கியிருக்கும் காப்பகத்தின் முகவரியும் அதே திரையில்தான் வரும்.

"எனக்கு மாவட்ட ஆபீஸ்ல கூட்டாளி ஒருத்தன் இருக்கான்" என்றார் ரொஸ்னானி, இன்னும் புருஷன் குரலிலேயே. "எனக்காக ஒரு நம்பரைத் தட்டிப் பாக்க மாட்டானா?"

நிரல் எழுதும் சூ லின் மெல்லச் சொன்னாள்: "அவளைக் கவனிக்கிற அதிகாரியைத் தவிர வேற யார் தேடினாலும் 'அனுமதி இல்லை'ன்னு காட்டிடலாமே அக்கா?"

"ரொம்ப நன்றிம்மா! அனுமதி இல்லைன்னா, அவ உங்ககிட்டதான் இருக்கான்னு தெரிஞ்சுபோச்சு. எனக்கு அது போதும். ஒவ்வொரு காப்பகமா வாசல்ல போய் நிப்பேன்."

சூ லின் எழுந்து பலகையை முழுவதுமாக அழித்தாள். நிரல் ஒரு வரிகூட எழுதப்படாத நேரம் அது. அழிந்தது வெறும் மைதான்.

அன்று மதியச் சோறு ஆறிப்போனது. முகவரி தனி இடத்துக்குப் போனது. அந்தப் பெண்ணைக் கவனிக்கும் அதிகாரி மட்டுமே அதைத் திறக்கலாம். வேறு யார் தேடினாலும், பதிவே செய்யாத ஒருத்தியைத் தேடினால் வரும் அதே பதில்தான் வரும்: 'பதிவு இல்லை.' தேடியவர் பெயர் மட்டும் ஓசையின்றி அந்த அதிகாரிக்குப் போய்விடும்; அவளே உதவி கேட்டு வந்திருந்தால் அவர் அந்த அலுவலகத்தை உடனே அழைப்பார்.

மென்பொருள் சொன்ன தேதியில் திறக்கப்பட்டது. மழைக்காலம் தொடங்கிய சமயம், காப்பகப் பெண்ணைக் கவனிக்கும் அதிகாரி ஒருவரிடமிருந்து ஃபௌஸானுக்கு அழைப்பு வந்தது. எல்லோரும் கேட்கும்படி கைப்பேசியை மேசைமேல் வைத்தார்.

"இன்னொரு மாவட்டத்துல ஒரு குமாஸ்தா, இங்க இருக்கிற பொண்ணோட நம்பரைத் திரும்பத் திரும்பத் தட்டியிருக்கான். அவ புருஷன் கேட்டானாம். பதிவு இல்லைன்னு வந்ததும், அவ இங்க இல்லவே இல்லைன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கான். அதுக்குள்ள எனக்குத் தகவல் வந்துடுச்சு. இப்ப ரெண்டு பேரும் போலீஸ் பிடியில இருக்காங்க."

"அந்தப் பொண்ணு?" என்று கேட்டார் ஃபௌஸான்.

"அவளுக்கு எதுவுமே தெரியாது. பிள்ளைக்குத் தலை துவட்டிக்கிட்டிருக்கா."

ரொஸ்னானி எழுந்தார். தலைத்துணியின் முனையைத் தோளுக்குப் பின்னால் வீசிவிட்டு, இரு கைகளையும் இறக்கை போல் விரித்துக்கொண்டு, கோல் போட்ட ஆட்டக்காரரைப் போல மேசையைச் சுற்றி ஓடத் தொடங்கினார்.