மை வைத்தவன் விரல்

ஊரார் விரலுக்கெல்லாம் மை வைத்துவிட்டு, தன் விரலை வெள்ளையாகவே வீட்டுக்குக் கொண்டுபோகிற உத்தியோகம் ஒன்று உண்டு. தேர்தல் ட்யூட்டி பார்த்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் இப்போதே புரிந்திருக்கும். கேரள எல்லையில், பாறசாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தேன். தேர்தல் வந்தால் யார் யாருக்கோ என்னென்னவோ பதவி கிடைக்கும்; எனக்கு எப்போதும் மைக்குப்பிதான். ட்யூட்டி வேறு தொகுதியில் விழும். என் ஓட்டு தபாலில் போகும். தபால் ஓட்டுக்கு மை கிடையாது.

மறுநாள் எங்கள் திருப்புறத்து டீக்கடையில் என் விரலைப் பார்த்து ஆரம்பிப்பார்கள். ஒரு தடவையாவது வரிசையில் நின்று, மை வாங்கி, அந்த விரலோடு அதே கடையில் டீ குடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதுவரை, சாரைச் ‘சாறு’ என்கிற கடைக்காரரின் ஒரே பாட்டுதான்: “நாட்டுக்கே மை வெச்ச சாறு ஓட்டுப் போடல்ல, கேட்டியளா!”

எல்லை தாண்டிய மை

விரலை நீட்டச் சொன்னால் பாதிப் பேர் ஊசி போடப் போவதாக நினைத்து விறைத்துக்கொள்வார்கள். “கையைத் தளர விடுங்க, கையைத் தளர விடுங்க” என்று நாள் முழுக்கச் சொல்லி என் தொண்டை கட்டிவிடும். ஜஸ்டின் என்ற ஆட்டோக்காரர் மட்டும் விரலை மடக்கியே வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தால், நகத்தில் ஏற்கெனவே மை!

போன வாரம் தமிழ்நாட்டுக் களியக்காவிளைப் பக்கம் ஓட்டுப் போட்டுவிட்டாராம். மாமனார் வீடு அங்கே, சொந்த வீடு இங்கே. இரண்டு மாநிலத்திலும் பெயர். அதுவே குற்றம், ஒன்றை நீக்கியாக வேண்டும் என்று எச்சரித்துத் திருப்பி அனுப்பினோம். மனிதருக்குத் தப்புச் செய்த முகமே இல்லை, நியாயம் கிடைக்காத முகம்தான். வாசலில் நின்று திரும்பிச் சொன்னார்: “ரெண்டு பக்கத்து ரோட்டுக் குழியிலயும் எனக்க ஆட்டோதானே சாறே விழுது, ஒரு பக்கத்தில மட்டும் கேள்வி கேட்டா போருமா?”

வெயிலில் வந்து வேண்டாமென்றவர்

அந்தக் காலத்தில் நான் கட்டாய ஓட்டுக் கட்சி. வராதவர்களுக்கு அபராதம் போட்டே ஆக வேண்டும் என்று எங்கள் சாவடித் தலைவி ஸ்டெல்லா டீச்சரிடம் காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்தேன். “பிடிச்சு இழுத்துக் கொண்டாந்தா கோயிலுக்கு வந்ததா ஆவுமா?” என்று அவர் ஒரே வரியில் என் வாயை அடைத்தார்.

மத்தியானம் ஒரு தச்சர் வந்தார். வரிசையில் நின்றார், கையெழுத்துப் போட்டார், மையும் வாங்கினார். இயந்திரத்தின் பக்கம் மட்டும் போகவில்லை. ‘இவர்களில் யாரும் வேண்டாம்’ என்று ஒரு பொத்தான் உண்டே என்று டீச்சர் எடுத்துச் சொன்னார். அதையும் தொடமாட்டாராம். சட்டத்தில் அதற்கும் இடம் உண்டு. குறிப்பு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினோம். நான் சொன்ன சட்டம் வந்தால் இவருக்கு அபராதமா, பாராட்டா? பின்னே எதற்கு இந்த வெயிலில் வந்தீர் என்று கேட்டேன். “வீட்டில கிடந்தா மடியன், சோம்பேறின்னு சொல்லுவிய. வந்து மூஞ்சிக்கு நேரே வேண்டாம்னு சொல்லீட்டுப் போனா ஒரு மரியாதை உண்டில்லியா?”

நேசம்மை வந்தாள்

வெள்ளறடையில் ஒரு சாவடி. ரப்பர் வெட்டுகிற நேசம்மை, பால் எடுத்து முடித்து, குளித்து, நல்ல சேலை உடுத்து வந்தாள். அவள் பெயரில் யாரோ காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இப்படி ஆனவர்களுக்குத் தனிச் சீட்டு ஒன்று உண்டு. இயந்திரத்தில் போடுவதல்ல, அடையாளம் இட்டுக் கொடுத்தால் உறையில் வைத்து மூடிவிடுவார்கள். சாதாரணமாக அது எண்ணிக்கையில் சேராது, கோர்ட்டு சொன்னால்தான் உண்டு. அவளிடம் நான் மறைக்கவில்லை. எண்ணாத ஓட்டு எதற்கு என்று அவள் போயிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. அவளோ சீட்டை வாங்கி, மறைவில் போய், நிதானமாகப் போட்டுவிட்டு வந்தாள். அன்றைக்கு என் அபராதப் பேச்சு என்னைவிட்டுப் போனது. கும்பிட வேண்டும் போலிருந்தது. கையில் மைக்குச்சி இருந்ததால் கும்பிடவில்லை. மை வைத்த விரலை ஊதிக்கொண்டே அவள் சொன்னாள்: “எண்ணல்லேண்ணாலும் சாரமில்ல சாறே, பரவாயில்ல. நேசம்மை வந்தாண்ணு அதில கிடக்கட்டும்.”

என் முறை

ரிட்டயரான பிறகு வந்த முதல் தேர்தல். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்துக்கொண்டு, திருப்புறத்தில் எங்கள் சாவடி திறக்கும் முன்பே போய் நின்றேன். எனக்கு முன்னால் நாலைந்து பேர் இருந்ததில்கூட ஒரு சந்தோஷம். யாரும் இழுத்து வராமலே வந்து இத்தனை காலம் என்னிடம் விரல் நீட்டியவர்களை நினைத்துக்கொண்டேன். ஜஸ்டின், அந்தத் தச்சர், நேசம்மை. ஓட்டு என்றால் என்னவென்று எனக்குக் காட்டித் தந்தவர்கள் அவர்கள்தான். அந்தக் கடன் தீராது.

மைக்குப்பி வைத்திருந்த சின்னப் பெண்ணுக்கு என்னைத் தெரியாது. விரலை நீட்டினேன். அது கட்டையாக விறைத்து நின்றது. கண் வேறு கலங்கிவிட்டது. அவள் என் விரலை மெல்லப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “கையைத் தளர விடுங்க மாமா, மையாக்கும், ஊசி இல்ல. மொத ஓட்டா?”

ஆமாம் என்று சொல்லி, ஓட்டையும் போட்டுவிட்டு, நேராக டீக்கடைக்குப் போய், வலது கைக்காரனான நான் அன்றைக்கு மை வைத்த இடது கையாலேயே டீ குடித்தேன்.