அம்மாவின் சாட்சியை நான் வாசித்தேன்

அம்மா சாகாமல் திரும்பி வந்ததற்காக எங்கள் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, மைக் செட் வைத்து, சபையார் எல்லாருக்கும் ஆட்டுக்கறிச் சோறு போட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தச் சோற்றை இரண்டு தடவை வாங்கித் தின்றவள் நான் என்ற எரிச்சல் வேறு.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. நிமோனியா முற்றி, அம்மா நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் நாற்பத்தொரு நாள் மூச்சு மெஷினில் கிடந்தாள். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். ஊரில் சங்கிலி ஜெபம் நடந்தது. மணிக்கு ஒரு வீடு என்று முறை வைத்து முழங்காலில் நின்றார்கள். குறை சொல்லக் கூடாது, உருகித்தான் ஜெபித்தார்கள்.

வீட்டுக்கு வந்த அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தாள். தலை வாரவில்லை, சாப்பிடவில்லை, நான் பரீட்சைப் பேப்பரைக் காட்டினால் திரும்பவில்லை. கண்ணை மூடினால் உடம்பு தூக்கிப் போடும். இப்படி ஆகக்கூடும், ஒரு மனநல டாக்டரையும் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, குதித்தாள்.

“பிராந்து டாக்டரயா? நாளைக்கு இந்தப் பிள்ளைய எவன் கெட்டுவான்? கர்த்தர் உயிரத் தந்தாரு, இவளுக்கு நன்றி இல்ல. சபைக்கு முன்னால சாட்சி சொல்லட்டும், எல்லாம் சரியாவும் கேட்டியா!”

ஆறாம் வகுப்புக்காரிக்கு மாப்பிள்ளை தேடிக் கவலைப்பட்ட மகராசி! அப்பா அக்கா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்.

கர்த்தர் தனக்குச் செய்ததைக் கூட்டத்தில் எழுந்து சொல்வதுதான் சாட்சி. அதை எழுதும் வேலை எனக்கு வந்தது. ஓய்வுநாள் பள்ளியில் வசனப் போட்டிப் பரிசெல்லாம் எனக்குத்தானே. ‘நான் பூரண சுகத்தோடும் சந்தோஷத்தோடும் இருக்கிறேன்’ என்று முடித்து, அடியில் கோடு போட்டுக் கொடுத்தேன்.

கூட்டத்தன்று அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து மைக்கைக் கொடுத்தார்கள். பேப்பரை அவள் பிரிக்கவில்லை. உடைந்த குரலில் சொன்னாள்:

“எல்லாரும் எனக்காக ஜெபிச்சிய. அங்க என் கையக் கெட்டிப் போட்டிருந்தாவ. வாயத் திறந்தா சத்தம் வராது. கண்ண மூடுனா இப்பவும் அங்கதான் கெடக்கேன். வீட்டுக்கு வந்தாச்சுன்னு எல்லாரும் சொல்லுதாவ. எனக்கு வந்த மாதிரி இல்ல.”

மாமி என் முதுகில் இடித்தாள். “ஏட்டி, மானம் போவுது. நீ போய் வாசி.”

மானம் எனக்கும்தான் போனது; கூடப் படிக்கிற பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். அம்மாவின் மடியிலிருந்த பேப்பரை எடுத்தேன். மைக்கைப் பிடுங்கினேன். ஆமாம், பிடுங்கினேன், வாங்கினேன் என்று நாசூக்காகச் சொல்ல இன்றைக்கு எனக்கு மனமில்லை. முழுவதையும் கணீரென்று வாசித்தேன். சபை அல்லேலூயா என்றது. போதகர் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். பிறகு சோறு பரிமாறினார்கள்.

மறுவாரம் ஆஸ்பத்திரியில் செக்கப். அப்பாவும் நானும் கூடப் போனோம். டாக்டர் நல்ல மனிதர். அவசரப்படாமல் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “ராத்திரி உறக்கம் உண்டா? மனசுக்கு எப்படி இருக்கு? பயப்படாமச் சொல்லுங்கம்மா” என்றார்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “பூரண சுகத்தோடும் சந்தோஷத்தோடும் இருக்கேன் சார்” என்றாள்.

அவர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னாள். மனநல டாக்டருக்கு எழுத எடுத்த சீட்டை அவர் மேசைக்குள் வைத்துவிட்டார். அவர் வேறென்ன செய்வார்? அதற்குப் பிறகு நாலு வருஷம், யார் கேட்டாலும் அம்மாவுக்கு அந்த ஒரே பதில்தான். நாலு வருஷமும் அவள் சரியாக உறங்கவில்லை.

அன்றைக்கு எனக்கோ தலைகால் புரியவில்லை. வீடு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாமியிடம் ஓடினேன்.

“மாமி, அம்மைக்கு எல்லாம் சரியாச்சு! நான் எழுதுனத ஒரு எழுத்து விடாம மனப்பாடமாச் சொன்னா!”